நான் போட்ட சாலை

சாலை போடும் துறையில் இத்தனை வருடம் வேலை பார்த்ததில், நான் தனி ஆளாகப் போட்ட சாலை ஒன்றே ஒன்றுதான். நீளம் ஒரு கிலோமீட்டர் எழுநூறு மீட்டர். செய்யூரைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரிந்து, சவுக்குத் தோப்புக்குள் புகுந்து, உப்பங்கழி ஓரமாக ஒரு சிறிய குடியிருப்பில் போய் முடியும். ஜல்லி கொட்டவில்லை, தார் காய்ச்சவில்லை, ரோலர் ஓடவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். அவ்வளவுதான்.

செங்கல்பட்டில் எங்கள் அலுவலகத்தில் நான் வரைதொழில் அலுவலர். டிரேசிங் தாளில் பேனாவால் கோடு இழுத்துப் பழகியவன். ஐம்பதை நெருங்கும் வயதில், இனி வரைபடம் எல்லாம் ஜி.ஐ.எஸ். என்ற கணினி மென்பொருளில்தான் என்று சொல்லி ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே நான் புரிந்துகொண்டது இது: கணினித் திரையில் ஒவ்வொரு சாலையும் ஒரு கோடு. கோட்டைத் தொட்டால் அதன் ஜாதகம் விரியும். பெயர், அகலம், மேலே போட்டிருப்பது தாரா சிமெண்டா மண்ணா, எத்தனை சிறுபாலம், இப்போது எந்த நிலையில் இருக்கிறது, எல்லாம் வரும். பேனாவால் போட்ட கோட்டுக்கு இந்த வாய் கிடையாது. அது பாட்டுக்குத் தாளில் படுத்துக் கிடக்கும்.

கோட்டைப் போடுவது ஜீப். சோப்பு டப்பா அளவில் ஒரு கருவியைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிவிடுவார்கள். ஜீப் போகப் போக அது சில விநாடிக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வரும். புள்ளிகளைச் சேர்த்தால் சாலை. ஆரம்பத்தில் பச்சைப் பொத்தான், முடிவில் சிவப்புப் பொத்தான். இரண்டே பொத்தான். முதல் நாள் இதைக் கேட்டபோது, இதற்கு எதற்கு ஒரு பட்டதாரி என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

எனக்கு அமைந்த ஓட்டுநர் என்னைவிட நாலு வயது மூத்தவர். சாலைகளை எண்ணால் அறிந்தவரல்ல, சாப்பாட்டால் அறிந்தவர். மாமல்லபுரத்திலிருந்து தெற்கே அளந்துகொண்டு வந்தோம். செய்யூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை.

"பசிக்குதா சார்?"

"இல்லையே."

"எனக்குப் பசிக்குது. எங்க அண்ணன் சம்சாரம் வூடு இங்க உள்ளாறதான் கீது. எறா தொக்கு வெச்சிக்கினு கீது. போன்ல சொல்லிட்டன்."

"இந்த ரோட்டை முடிச்சுட்டுப் போயிடலாமே."

"ரோடு எங்க சார் ஓடிடப் போவுது. எறா தீந்துடும்."

தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. ஜீப் சவுக்குத் தோப்புக்குள் திரும்பியது. சிவப்புப் பொத்தானை அப்போது அமுக்கியிருக்க வேண்டும். நான் இறால் தொக்கில் தக்காளி போடுவார்களா மாட்டார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மணலில் ஆடி அசைந்து குடியிருப்புக்குப் போனோம். நிழல் தேடி ஓட்டுநர் ஒரு வேப்ப மரத்தை மூன்று முறை சுற்றினார். சாப்பிட்டோம். போட்டிருந்தார்கள், தக்காளி. பிறகு ஜீப்பிலேயே கண்ணயர்ந்தேன். கருவி மட்டும் கடமையில் கண்ணாக இருந்தது.

அலுவலகம் திரும்பி எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன். நூற்றுக்கணக்கான கோடுகளில் அதுவும் ஒரு கோடு. எந்தக் கோடு எந்த ஊர் என்று யாருக்கு நினைவிருக்கும்? ஆனால் அதன் ஜாதகம் காலியாக இருந்தது. மேற்பரப்பு என்ற கட்டம் சிவப்பாக மின்னியது.

வெளியாட்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அரசு அலுவலகத்தில் தப்பாக எழுதிய கட்டத்துக்கு மன்னிப்பு உண்டு. காலிக் கட்டத்துக்குக் கிடையாது. தப்பு என்றால் திருத்தம் வெளியிடலாம். காலி என்றால் விளக்கம் கேட்பார்கள். எனவே நாங்கள் பரம்பரையாகச் செய்வது, மேல் வரியில் என்ன இருக்கிறதோ அதையே கீழ்வரை இழுத்துவிடுவது. அன்றும் இழுத்தேன். மேற்பரப்பு: தார். அகலம்: மூன்றே முக்கால் மீட்டர். நிலை: நன்று. வேப்ப மரத்தைச் சுற்றிய வட்டத்தை மென்பொருள் ஒரு முச்சந்தி என்று சந்தேகப்பட்டு என்னிடம் கேட்டது. ஆம் என்றேன். அது கேட்டு நான் இல்லை என்று சொல்லி, அதற்குக் காரணம் வேறு எழுத வேண்டுமா?

ஒரு கட்டம்கூடக் காலியில்லாமல் அனுப்பியதற்காக மேலிடத்திலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன்.

ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். ஊராட்சியில் வார்டு உறுப்பினர். தொழிற்சாலை ஒன்றில் பேக்கிங் வேலையும் பார்க்கிறவர், ஒரு ஷிப்டை விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு கடிதம். மனுதாரர் குறிப்பிடும் குடியிருப்புக்கு ஏற்கெனவே நல்ல நிலையில் தார்ச்சாலை உள்ளதால் கோரிக்கையை ஏற்க இயலவில்லை என்று அதில் இருந்தது.

"எங்க ஊருக்கு ரோடு கீதாமே சார். எங்க கீதுனு கொஞ்சம் காட்றியா? நாங்களும் அதுலயே நடந்து போவோம்."

விஷயம் இதுதான். அந்தக் குடியிருப்பிலிருந்து இருபது இருபத்தைந்து பெண்கள் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். கம்பெனி வேன் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். தினமும் போக வர ஒன்றே முக்கால் கிலோமீட்டர் மணலில் நடை. மழை என்றால் முழங்காலளவு தண்ணீர். சாலை இல்லாத குடியிருப்புகளின் புதிய பட்டியல் வெள்ளிக்கிழமை மாலை மேலே போகிறது. அதில் இந்த ஊர் இல்லை. இந்தப் பட்டியலில் விட்டால் அடுத்தது எப்போது என்று கடவுளைக் கேட்டாலும் கோப்பைப் பார்த்துச் சொல்கிறேன் என்பார்.

நான் மிடுக்காகத் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"இதோ பாருங்கம்மா. தார்ச்சாலை. நிலை நன்று. இங்கே ஒரு முச்சந்திகூட இருக்கு."

கோட்டுக்கு அடியில் செயற்கைக்கோள் படத்தை விரித்தேன். சவுக்கு மரங்களின் தலைமேல் என் கோடு மிதந்துகொண்டிருந்தது. அவர் முச்சந்தியை உற்றுப் பார்த்தார்.

"இது வேப்ப மரம் சார். எங்க பக்கத்து வூட்டக்கா வாசல்ல கீற மரம். இத்த எதுக்குச் சுத்தி ரோடு போட்டுக்கீறீங்க?"

சரியாக அந்த நேரம் பார்த்து ஓட்டுநர் டீயோடு உள்ளே வந்தார்.

"இன்னா அண்ணாத்த," என்றார் வார்டு உறுப்பினர், "நீ இந்த ஆபீஸா? போன வருசம் உங்க அண்ணி வூட்டாண்ட ஜீப்புல வந்து துன்னியே. கூட ஒருத்தரு வந்து, வாயத் தொறந்துகினு தூங்கினாரே, அவரு கூட…"

வாக்கியத்தை முடிக்காமல் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். ஓட்டுநர் டீயைப் பார்த்தார்.

அன்று மதியமே அந்தக் கோட்டைச் சத்தமில்லாமல் அழித்துவிட முயன்றேன். முடியவில்லை. வெளியிடப்பட்ட சாலையை நீக்க ஒரு படிவம் இருந்தது. நீக்கும் காரணம் என்ற இடத்தைத் தொட்டால் நாலே நாலு காரணம் வரும்: கடல் அரிப்பு, நில எடுப்பு, இரட்டைப் பதிவு, பெயர் மாற்றம். சாலை தொடக்கத்திலிருந்தே இல்லை என்ற ஒன்றை அந்த மென்பொருளை எழுதியவர் நினைத்தே பார்க்கவில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளையாக இருக்க வேண்டும்.

"கடல் அரிப்புனு போடு சார்," என்றார் ஓட்டுநர், தோளுக்கு மேலிருந்து. "கடலாண்டதான கீது."

"நாளைக்கே பேரிடர்க்காரங்க வந்து நிப்பாங்க."

"வரட்டுமே. சாப்பாடு அண்ணி வூட்ல சொல்லிடலாம்."

உண்மையைச் சொல்வதானால், கடல் அரிப்பின்மேல் ஒரு கால் மணி நேரம் கையை வைத்திருந்தேன். கடலுக்கு எத்தனையோ பழி, இதையும் தாங்கும். ஆனால் அப்படிப் போட்டால் ஊர் சேதமடைந்த சாலைகள் பட்டியலுக்குப் போகும், சாலை இல்லாத ஊர் ஆகாது. என் பெயர் தப்பும். அந்தப் பெண்கள் மணலிலேயே நடப்பார்கள். கடைசியில் கைப்பட ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு பொறியாளர் அறைக்குப் போனேன்.

எங்கள் பொறியாளர் என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவர், திருநெல்வேலிப் பக்கம். குரலை உயர்த்த மாட்டார். அதுதான் பயம். இரண்டு முறை படித்தார்.

"எறா தொக்குன்னு எழுத வேண்டாம் சார். உணவு இடைவேளைன்னு போடுங்க."

"சரிங்க மேடம். தூங்கினதை எழுதணுமா?"

"வேண்டாம். ஐம்பது நிமிஷம் ஒரே புள்ளியில நின்னிருக்கீங்க. கருவியே எழுதியிருக்கு." சற்று யோசித்தார். "இந்தச் சாலைக்கு நிலை நன்றுன்னு போட்டது எதை வச்சு?"

"மேல இருந்ததை இழுத்தேன் மேடம்."

"எவ்வளவு மேலேர்ந்து?"

முதல் வரியிலிருந்து என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, இரட்டைப் பதிவு என்று போடுங்கள், விவரம் என்ற இடத்தில் நடந்ததை எழுதுங்கள், ஆனால் களத்தில் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அதாவது, சாலை இல்லை என்பதைச் சாலை நெடுகப் போய்ப் பார்த்து, இருநூறு மீட்டருக்கு ஒரு படம் எடுத்து நிரூபிக்க வேண்டும்.

வியாழக்கிழமை மூவரும் போனோம். முதல் நாலு படம் நன்றாக வந்தது: மணல், மணல், மணலில் ஆட்டுப் புழுக்கை, மணல். ஐந்தாவது படத்துக்கு முன்னால் ஜீப் அச்சு வரை புதைந்தது. போன வருடம் புதையாத ஜீப். ஓட்டுநர் என்னைப் பார்த்து, "உன் ரோடுதான சார், நீயே எறங்கித் தள்ளு," என்றார். பொறியாளர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் இறங்கித் தள்ளினேன். ஜீப் போகவில்லை, என் செருப்பு ஒன்று உள்ளே போய்விட்டது.

அந்த நேரம் காலை ஷிப்ட் முடிந்து பெண்கள் வரிசையாக வந்தார்கள். எல்லார் கையிலும் பிளாஸ்டிக் பையில் கம்பெனி ஷூ. காலில் ஒன்றும் இல்லை. மணல் புகுந்தால் மறுநாள் கம்பெனியில் உள்ளே விட மாட்டார்களாம்.

"ரோடு போட வந்துகீறீங்களா?" என்றார் அவர்களில் ஒருவர்.

"இல்லம்மா. எடுக்க வந்திருக்கோம்," என்றார் பொறியாளர்.

"இல்லாத ரோட்ட எடுத்துக்கினு போவ மூணு பேரா? போட எத்தினி பேரு வருவீங்க?"

பையை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு எட்டுப் பேர் சேர்ந்து ஜீப்பைத் தள்ளினார்கள். இரண்டே தள்ளலில் வெளியே வந்தது. நானும் ஒரு கை வைத்தேன். என் கை இல்லாமலும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பொறியாளர் ஓரமாக வைத்திருந்த பைகளின் வரிசைக்குப் போனார். ஷூ பைகளை ஒரு படம் எடுத்துக்கொண்டார். படிவத்தில் அதற்கு இடம் இல்லை. இணைப்பு என்று ஒரு தலைப்பு இருந்தது, அதில் ஏற்றச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒப்புதல் வந்தது. வார்டு உறுப்பினர் அதற்கு முன்பே வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கோட்டைத் தேர்ந்தெடுத்தேன். நிரந்தரமாக நீக்கவா என்று கணினி கேட்டது. நீக்கினேன். சவுக்குத் தோப்பு முழுசாகத் தெரிந்தது.

"பூட்ச்சா?"

"போயிடுச்சும்மா."

"பத்து வருசமா ரோடு இல்ல, ரோடு இல்லன்னு எழுதிக் குடுக்கறோம். இன்னிக்குத்தான் ஒத்துக்கினீங்க. ரொம்ப சந்தோசம் சார்."

கேலி இல்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டார். சாலை இல்லாத குடியிருப்புகள் பட்டியலில் அவர் ஊர் பெயர் ஏறியதும் அந்த வரியைப் போனில் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். கை தட்டும் படங்களாக வந்து விழுந்தன. நடுவில் ஒரு குரல் செய்தி வந்தது. சத்தமாகவே போட்டார்.

"அதெல்லாம் சரிக்கா. எப்ப போடுவாங்களாம்? கேளு."

போனை என் பக்கம் திருப்பி, பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீயே சொல்லு சார்."

இப்படிக் கேட்டால் சொல்வதற்கு எங்களிடம் நல்ல வாக்கியங்கள் உண்டு. பரிசீலனையில் உள்ளது. விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும். அவற்றில் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அந்த ஷூ பைகள் வரிசையாக நினைவுக்கு வந்து தொலைத்தன.

"தெரியலம்மா," என்றேன். "பட்டியல்ல இருக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

அவர் பொத்தானை விட்டார். பிறகு அதே குரல்.

"யாருக்கா அது? தெரியலன்றாரே. புச்சா வேலைக்கு வந்தவரா?"