காய்ந்து கிடந்த மணல்

சுறா, தட்டில் வைத்த மீனை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுறா எங்கள் ஆண் பூனை. வீட்டில் ஆண் பூனை வளர்ப்பவர்கள் இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள்.

அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடந்தன. படகு ஓட்டும் என் கணவர் அந்தோணியும் வீட்டில்தான் கட்டிக் கிடந்தார். கைக்கு எட்டிய விலையில் கிடைத்தது வெளியூர் ஐஸ் மீன் மட்டுமே.

"அவன் காசிமேட்டுக்காரன்டி. ஐஸ் மீனைத் தொடுவானா?" அவருக்கு ஒரே பெருமை. எதிர்வீடு வரை போய்ச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். தடைக்காலத்தில் எங்களுக்கே நாக்கு செத்துப்போகும். பூனைக்கு ரோஷம் வந்தால் என்ன?

மறுநாள் காலை அவனுடைய மணல் தொட்டியைச் சுத்தம் செய்யப் போனேன். பறித்த பள்ளங்கள் நிறைய இருந்தன. மணல் மட்டும் காய்ந்து கிடந்தது. அந்தோணியைக் கூப்பிட்டேன்.

"யோவ், மண்ணுல ஈரமே இல்லய்யா. போய்ப் போய்க் குந்துறான், ஒண்ணும் வர்ல."

"பட்டினி கெடந்தா இன்னா வரும்? இரு, நாட்டுப்படகு மீனு வாங்கியாறேன்."

வாங்கி வந்தார். துள்ளத் துடிக்க நாலு சங்கரா. சுறா கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வரவில்லை. மீனை மூக்கருகே நீட்டியதும் வாந்தி எடுத்தான். அந்தோணியின் முகம் செத்துப்போயிற்று. கடலில் புயலைப் பார்த்தவர், அந்த மீனைக் கீழே வைக்கக்கூட மறந்து ஆட்டோ பிடிக்கப் போனார்.

ஆட்டோவில் மாதவரத்து மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முன்னால் முழுக்க லாரிகள். மடியில் அவன் கத்தக்கூட இல்லை. கத்தேன்டா, கத்தித் தொலையேன் என்று வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா அடிவயிற்றைத் தொட்டார். "மூத்திரப்பை கல்லு மாதிரி இருக்கும்மா. அடைப்பு. விஷம் ரத்தத்துல ஏற ஆரம்பிச்சிருக்கு. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா இதயம் நின்னிருக்கும்."

சிறுநீரில் படிகங்கள் (மணல் போன்ற துகள்கள்) சேர்ந்து வழியை அடைத்திருந்தன. ஆண் பூனைக்கு அந்தப் பாதை மிகவும் குறுகலானதாம். மயக்க மருந்து கொடுத்து கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) போட்டார்கள்.

"பொழைப்பானா மேடம்?" என்று அந்தோணி கேட்டார்.

"இப்பவே சொல்ல முடியாதுங்க."

நடைபாதையில் உட்கார்ந்திருந்தோம். "நான்தான்டி சிரிச்சிக்கினே அவனைக் கொன்னுட்டேன்" என்றார். நானும்தானே சிரித்தேன்.

பிழைத்தான். குழாயை எடுத்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று ஆட்டோவிலேயே அந்தோணியின் லுங்கியை நனைத்தான். "பேஞ்சிட்டான்டி!" என்று அவர் போட்ட கூச்சலில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

அடைப்பு திரும்பவும் வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அவன் சோம்பல் முறித்தால்கூட முக்குகிறானோ என்று ஓடிப்போய்ப் பார்க்கிறேன். விடிந்ததும் டீ போடுவதற்கு முன் என் கை மணலுக்குத்தான் போகிறது. ஈரம் விரலில் பட்டால்தான் எனக்கு அன்றைக்குப் பொழுது விடிகிறது.

தடைக்காலம் முடிந்து படகுகள் போய்விட்டன. கரை நெருங்கி சிக்னல் கிடைத்ததும் அந்தோணி போன் செய்கிறார். நான் உயிரோடு இருக்கிறேனா என்றெல்லாம் கேட்பதில்லை.

"மண்ணு ஈரமாக்கீதா?"

"கீதுய்யா" என்கிறேன். அதற்குப் பிறகுதான் எங்கள் இருவருக்கும் பேச்சு வருகிறது.