ஆட்டத்தை நிறுத்தியவள்

டோரீன் காச்மரெக்குக்கு உட்கார்ந்து ஆட்டம் பார்க்கத் தெரியாது. டொலீடோ நகரின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் உச்சியில், கண்ணாடி போட்ட சின்ன அறையில், அவளுக்கென்று மெத்தை வைத்த நாற்காலி ஒன்று போட்டிருந்தார்கள். அதில் அவளுடைய குளிர்கோட்டுதான் உட்கார்ந்திருக்கும். கையில் தொலைநோக்கி, சட்டையில் வயர்லெஸ், முன்னால் இரண்டு திரைகள். அவள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பாள்.

வார நாட்களில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் விளையாட்டுப் பிள்ளைகளின் கணுக்காலுக்குக் கட்டுப் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை வேலை, போட்டிகளை நடத்தும் லீக் கொடுத்தது. ஊரே பந்தைப் பார்க்கும்போது, பந்து போன பிறகு தரையில் கிடப்பவனை அவள் பார்க்க வேண்டும். எழுந்தவன் தள்ளாடினாலோ, தலையைப் பிடித்துக்கொண்டாலோ, வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை சொல்லி ஆட்டத்தையே நிறுத்தலாம். ஆனால் அந்த அதிகாரத்தை அவள் அதுவரை பயன்படுத்தியதே இல்லை. கீழே நிற்கும் மருத்துவர்கள் எப்போதும் முந்திக்கொண்டார்கள்.

நவம்பர் மாதம். டொலீடோ நான்கு புள்ளி முன்னால் இருந்தது, ஆட்டம் முடியும் தறுவாய். எதிரணிக்காரன் ஒருவன் எம்பிப் பந்தைப் பிடித்தான். டேரியஸ் போல்வேர் எங்கிருந்தோ வந்தான். பின்வரிசையில் நின்று தடுப்பவன் அவன், ஊரின் செல்லப்பிள்ளை. கிடா மாதிரி தலையைத் தாழ்த்தி, ஹெல்மெட்டின் உச்சியால் பந்தைப் பிடித்தவன் முகத்தில் இடித்தான். பந்து தெறித்தது. தப்பாட்டம் என்று நடுவர் மஞ்சள் துணியை வீசினார். மருத்துவர்கள் அத்தனை பேரும் விழுந்து கிடந்தவனிடம் ஓடினார்கள்.

டோரீன் இடித்தவனைப் பார்த்தாள். போல்வேர் எழுந்தான், இரண்டடி வைத்தான். இடது கால் துணி போலத் துவண்டது. பக்கத்தில் நின்றவனின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன் போல நின்றான்.

"நிறுத்துங்க. டொலீடோ, சட்டை நம்பர் இருபத்தேழு."

"அடிபட்டவன் வெள்ளைச் சட்டைக்காரன்ல..." என்றது வயர்லெஸ்.

"அவன் இல்ல. அடிச்சவன். நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

ஆட்டம் நின்றது. போல்வேர் தன் முட்டியைக் காட்டிக் காட்டிக் கத்தினான். இரண்டு பேர் அவனைக் கைத்தாங்கலாக மைதான ஓரத்து மருத்துவக் கூடாரத்துக்குள் கொண்டுபோனார்கள். மைதானம் முழுக்க ஊளையிட்டது. ஆட்டம் மறுபடி தொடங்கியதுமே, அவன் நிற்கவேண்டிய இடத்தின் வழியாகவே எதிரணி ஓடி டச் டவுன் அடித்து ஆறு புள்ளி எடுத்தது. சிறிது நேரத்தில் கீழேயிருந்து சேதி வந்தது: தலையில் ஒன்றுமில்லை, கால் பிசகியிருக்கிறது, விளையாடலாம். அவன் திரும்ப ஓடி வந்தான். ஆனால் ஆட்டம் கையை விட்டுப் போயிருந்தது.

அவளுடைய கணவன் நார்ம் கண்ணாடித் தொழிற்சாலையில் உலை பார்ப்பவன். மைதானத்தின் கீழ்த்தட்டில் பருவம் முழுவதற்கும் இடம் பிடித்து வைத்திருப்பவன். சமையலறைக்கு வந்ததும்தான் வெடித்தான்.

"டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு. உனக்கு மட்டும் மேல ஒக்காந்துக்கிட்டு என்ன தெரிஞ்சுது?"

"நான் ஒக்காரவே இல்ல."

"டோரி, கிண்டல் பண்ணாத. நாளைக்கு ஃபேக்டரில என் தலைய உருட்டுவானுங்க."

அவள் அடுப்பில் பியரோகிக் கொழுக்கட்டைகளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். "அவன் கால் தொவண்டுச்சு நார்ம். நான் பாத்தேன்."

"காலு தொவண்டா என்ன? நான் ஸ்கூல்ல ஆடும்போது எத்தன இடி வாங்கிருக்கேன்! கவுண்டி ஃபைனல்ல கடைசித் தடுப்பு யாரு பண்ணது? நான். கோட்டுக்கு ஒரு அடி முன்னாடி, அவன அப்படியே தூக்கி..."

"அது உனக்கு ஞாபகம் இருக்கா, இல்ல பேப்பர்ல படிச்சதா?"

நார்ம் கையிலிருந்த பீர் பாட்டிலைக் கீழே வைத்தான்.

"படிச்சதுதான்" என்றான்.

"ஆட்டம் முடிஞ்சு நீ எதிர் டீம் பஸ்ல ஏறி ஒக்காந்திருந்த. அவங்க கோச்சுதான் எறக்கி விட்டாரு. நாங்கல்லாம் சிரிச்சோம்."

அதன்பின் இருவரும் சாப்பிட்டார்கள். பியரோகி கருகியிருந்தது.

ஆனால் அவளுக்கும் நிம்மதி இல்லை. அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஒரு தடவை தலை கலங்கியவனாகத் தெரிந்தான், அடுத்த தடவை முட்டி மடங்கியவனாகத் தெரிந்தான். பள்ளியில் கட்டுப் போடும்போது பையன்களின் கண்மணிகளையே உற்றுப் பார்த்தாள். ரொட்டிக் கடைக்காரி ரொட்டியைச் சுற்றிக்கொண்டே, "பாத்து நட டோரீன், கால் தடுக்கிச்சுன்னா கடைய நிறுத்திடப் போற" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு முன், மைதானத்தின் அடித்தள நடையில் போல்வேர் எதிரே வந்தான். அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் படித்துவிட்டு நின்றான்.

"மேல் மாடி அம்மா நீங்கதானா?"

"நான்தான்."

"முட்டி மேடம் அது. தல இல்ல."

"அப்படின்னா ரொம்ப சந்தோஷம்."

"நம்பலையா?"

"தெரியலப்பா. பாத்தத சொன்னேன்."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "உங்க புண்ணியத்துல எல்லாரும் அந்த அடிய நூறு தடவ பாத்துட்டாங்க. இப்ப கோச் டயர உருட்டி விட்டு, தோளால மோதுடான்னு உயிர எடுக்குறாரு. நிமிர்ந்து வா, மோதுறது எதுன்னு பாரு, தலைய அவன் ஒடம்புக்கு வெளிய வை, கையால சுத்திப் புடி. ஸ்கூல் பசங்க மாதிரி!"

"வருதா?"

"எங்க? ஒடம்பு கேக்க மாட்டேங்குது. தலைய தாழ்த்தினா புல்லு மட்டும்தான் தெரியும். சத்தமெல்லாம் அப்படியே நின்னுடும். அது நல்லாருக்கும் மேடம்." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல் அவளைப் பார்த்தான். பிறகு ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்றைய ஆட்டத்தில், பந்தை அணைத்தபடி எதிரணியின் தடியன் ஒருவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்தான். எதிரே போல்வேர் மட்டும். டோரீனின் கட்டைவிரல் தானாகவே வயர்லெஸ் பொத்தானுக்குப் போயிற்று. அவனுடைய தலை இறங்கத் தொடங்கியது. தொலைநோக்கியில் அது தெளிவாகத் தெரிந்தது. சட்டென்று நிமிர்ந்தான். முகத்தை ஓடுபவனின் இடுப்புக்கு ஓரமாக ஒதுக்கி, தோளைக் கொடுத்து, இரண்டு கைகளாலும் தொடைகளை வளைத்துக் கட்டினான். தடியன் அவனைச் சில அடி தூரம் இழுத்துக்கொண்டு போய்த்தான் விழுந்தான். "இது என்ன கட்டிப்புடி வைத்தியமாடா?" என்று கீழ்த்தட்டில் யாரோ கத்தியது மேலே கேட்கவில்லை; பிறகு நார்ம்தான் சொன்னான், கத்தியது தான் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னான். அந்த வாரம் அவளிடம் பேருந்துக் கதையை முழுவதுமாகக் கேட்டான், யார் யார் சிரித்தார்கள் என்பது உட்பட.

போல்வேர் அந்தப் பருவத்தை ஆடி முடித்து, மறு வருஷம் வேறு ஊர் அணிக்குப் போனான். தலையா முட்டியா என்று டோரீனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

தடியனைத் தோளால் தடுத்த அன்று, அவன் எழுந்து தன் ஆட்களோடு, தன் இடத்தில் போய் நிற்கும்வரை அவள் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. தேவைக்கும் அதிகமான நேரம் அவனையே பார்த்துவிட்டோம் என்று அப்புறம்தான் உறைத்தது. மைதானத்தின் மறுகோடியில் வேறொருவன் ஒரு முழங்காலில் நின்றபடி இன்னும் எழாமல் இருந்தான். அவள் தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள்.