அம்மா கொடுத்த ஒரே எக்ஸ்

அல்சைமர் என்பது பெண்களுக்கு வரும் வியாதி என்று ஐம்பது வயது தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தேன். இதில் விஞ்ஞானம் எதுவும் கிடையாது. அம்மாவுக்கு வந்தது, சித்திக்கு வந்தது. அப்பாவும் பெரியப்பாவுமோ யார் யார் தங்களுக்கு என்னென்ன துரோகம் செய்தார்கள் என்பதைக் கடைசி மூச்சு வரை ஊர் பெயரோடு நினைவில் வைத்திருந்து போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே இந்த மறதி சேலை கட்டியவர்களைத்தான் பிடிக்கும், நான் வேட்டி, எனக்கு ஆபத்தில்லை என்று தீர்மானித்திருந்தேன். அம்மாவைப் பார்த்துக்கொண்ட வருடங்களில்கூட, வருத்தத்துக்கு நடுவே இந்த ஆறுதல் எனக்குள் கள்ளத்தனமாக உட்கார்ந்திருந்தது.

அதைக் கலைத்தது ஒரு கட்டுரை. குடும்ப வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியது. ஆணுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம்தான். அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். பெண்ணுக்கு இரண்டு, இந்த நோயில் பெண்ணின் மூளை சில விதங்களில் அந்த இரண்டாவது எக்ஸின் தயவால் தாக்குப்பிடிக்கிறது. அங்கேயே படிப்பதை நிறுத்திவிட்டேன். அதற்குக் கீழே இன்னும் நிறைய இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் அம்மா கொடுத்தது. என் அக்காவுக்கு அப்பா கொடுத்தது வேறு இருக்கிறது, துரோகத்தை மறக்காத வகை. அவள் ஸ்டெப்னியோடு ஓடுகிற வண்டி. நான் ஸ்டெப்னி இல்லாமல் இத்தனை வருடம் ஓடிவிட்டேன். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி இறங்கியது.

பயம் வந்துவிட்டால் சாட்சிகள் தானாக வரும். கொச்சி வல்லார்பாடத்தில் கண்டெய்னர் டெர்மினல் வாசலில் நின்றுகொண்டு என் சொந்தச் சரக்கு ஏறிய லாரியின் நம்பரை மறந்தேன். மீன் வாங்கப் போய் கப்பைக் கிழங்கு வாங்கி வந்தேன். மனைவியிடம் சொன்னேன், எனக்கு மறதி ஆரம்பித்துவிட்டது என்று.

"மறக்கணும்னா முதல்ல காதுல வாங்கியிருக்கணும்," என்றாள். "நான் சொன்ன எதை நீங்க காதுல வாங்கியிருக்கீங்க, இப்போ மறக்கறதுக்கு?"

பிறகு இன்னொன்றைப் படித்தேன். இந்த நோயில் ஆரம்பத்திலேயே வாசனை தெரியாமல் போகுமாம். எனக்கு மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்கு வியாபாரம். யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனை ஒட்டிய சந்தில் கிடங்கு. மறுநாள் காலை ஷட்டரைத் திறந்ததும் நேராகச் சுக்கு மூட்டைக்குப் போய் முகத்தைப் புதைத்து இழுத்தேன். ஒன்றும் இல்லை. மிளகு மூட்டை: ஒன்றும் இல்லை. ஏலக்காய்ச் சாக்கை அவிழ்த்துத் தலையையே உள்ளே விட்டேன்.

"எந்தா சேட்டா," என்றார் பின்னால் நின்ற, மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி, "ஏலக்காய் வல்ல ரகசியமும் பறயுந்நுண்டோ?" ஏலக்காய் ஏதாவது ரகசியம் சொல்கிறதா என்று கேட்கிறார்.

அதே நேரம் வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நின்று, கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்து, சொர்க்கத்தைக் கண்டவள் போல முகத்தை வைத்துக்கொண்டாள். தெருவில் போகிறவளுக்கு வருகிற வாசனை உள்ளே தலை விட்டவனுக்கு வரவில்லை. சாக்கைக் கட்டிவிட்டு, உயில் எழுத நல்ல வக்கீல் யார் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

என்னைச் சீரியஸாக எடுத்துக்கொண்டது அக்கா மட்டும்தான். என்னைவிட நான்கு வயது மூத்தவள், ஹிந்தி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், கணவர் இல்லை, என் கடைக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். தமிழ், மலையாளம், ஹிந்தி மூன்றிலும் மூச்சு விடாமல் பேசுவாள். அந்த நாட்களில் திடீர் திடீரென்று ஆட்டோவில் என் கடைக்கு வந்து இறங்குவாள். நடந்தால் ஐந்து நிமிஷம்கூட ஆகாத தூரம். எனக்காகப் பதறி ஓடி வருகிறாள் என்று நெகிழ்ந்துபோவேன். சாயா வாங்கித் தந்து, வீடு வரை கூடவே போய் விட்டு வருவேன்.

"டாக்டர்ட்ட போடா. இப்படிப் பேடிச்சு பயந்துண்டே இருந்தா எப்படி? நானும் கூட வரேன்," என்பாள்.

"அவங்க இல்லன்னு சொல்லிட்டா பரவால்ல. ஆமான்னு சொல்லிட்டா?"

"சொன்னா சொல்லட்டும். தெரிஞ்சிண்டா மருந்தாவது உண்டல்லோ. வாடா."

அவள் தள்ளிய தள்ளலில் போனேன். டாக்டர் எங்களைவிட வயதில் மிகவும் சின்னவள், எதற்கும் அவசரப்படாதவள். அவள் மலையாளத்தில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். சில சொற்களைச் சொல்லி, வேறு ஏதோ பேசிவிட்டு, திரும்பக் கேட்டாள். ஒரு சொல் விட்டுப்போனது. கடிகாரம் வரையச் சொன்னாள். தேறிவிட வேண்டுமே என்ற வெறியில் வினாடி முள்ளும் போட்டு, கீழே கம்பெனி பெயரும் எழுதினேன்.

மூக்கைப் பற்றிச் சொன்னேன். "எத்தனை வருஷமா கிடங்குல இருக்கீங்க?" என்றாள். சொன்னேன். "அப்போ மூக்கு பழகிப்போச்சு. ஒரு வாரம் எங்கயாவது போயிட்டு வந்து மோந்து பாருங்க, சேட்டா."

எக்ஸ் விவகாரத்தை எடுத்தேன். ஸ்டெப்னி என்றும் சொல்லிவிட்டேன்.

"பாதிதான் படிச்சிருக்கீங்க," என்றாள். "பெண்ணோட ஒவ்வொரு செல்லுலயும் ரெண்டு எக்ஸ்ல ஒண்ணு தூங்கிடும். ஆனா அதுல இருக்கிற சில ஜீன்கள் தூங்காது. அந்த முழிச்சிருக்கிறதுல சிலது மூளையைக் காப்பாத்துது. சிலது கெடுக்குது. டாவ்னு ஒரு புரதம் இருக்கு. அது செல்லுக்குள்ள கெட்டுப்போனா, 'இதை வெளிய தள்ளு'ன்னு அதுமேல ஒரு அடையாளம் ஒட்டும். அந்த அடையாளத்தைப் பிச்சு எடுக்கிற ஒரு நொதியோட ஜீன் எக்ஸ்லதான் இருக்கு. பெண்கள் மூளையில அந்த நொதி அதிகம்."

எனக்கு உடனே புரிந்தது. பூசணம் பிடித்த மூட்டைக்கு நாங்கள் சிவப்பு மையில் கோடு போட்டு ஓரமாக வைப்போம். ஒருவன் பின்னாலேயே வந்து கோட்டைத் துடைத்துக்கொண்டே போனால் கெட்ட மூட்டை வெளியே போகாது, கிடங்கு அடைத்துக்கொள்ளும். இதைச் சொன்னேன்.

"அதேதான். இன்னும் ஆராய்ச்சி நடக்குது, முடிஞ்ச கதை இல்ல. அப்புறம் பத்தொன்பதாவது குரோமோசோம்ல ஒரு ஜீன் இருக்கு. அதுல ஒரு வகை ஆண், பெண் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் வரும். ஆனா பெண்ணை அதிகமா பாதிக்குது."

பெண்களுக்கு அதிகம் என்று கேட்டதும் என் முகத்தில் லைட் எரிந்ததாக அக்கா பிற்பாடு சொன்னாள். எரிந்திருக்கும். பழைய நம்பிக்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. எழுந்து டாக்டருக்கு நன்றி சொன்னேன்.

அக்கா எழுந்திருக்கவில்லை.

"இவனோடது முடிஞ்சுதில்லையா டாக்டர்?" என்றாள். "அப்போ என்னைப் பாருங்க."

நான் சிரித்தேன். அவளுக்கும் ஒரு கடிகாரம் கொடுங்கள் என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் சொன்னேன்.

"பஜார்லேர்ந்து வீட்டுக்கு வழி தெரியாம நின்னுட்டேன்," என்று அக்கா டாக்டரிடம் சொன்னாள். "ஒரு தடவை இல்ல. எந்தத் திருப்பம்னு தெரியல. பிறந்து வளர்ந்த தெரு. இவன் கடை பேர் மாத்திரம் எல்லா ஆட்டோக்காரனுக்கும் தெரியும். அதனால ஆட்டோ பிடிச்சு இவன் கடைக்குன்னு சொல்லிடுவேன். அப்புறம் இவனே வீட்டுல கொண்டுவந்து விட்டுடுவான்."

டாக்டர் எனக்குச் சொன்ன மாதிரியே சொற்களைச் சொன்னாள். அக்கா ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னாள், கேட்காமலே ஹிந்தியிலும் சொன்னாள். என்னைவிட அதிக மார்க். நான் டாக்டரைப் பார்த்தேன். அவள் சந்தோஷப்படவில்லை.

"பெண்களுக்குப் பொதுவா வார்த்தை ஞாபகம் ஜாஸ்தி," என்றாள். "உள்ள கெட்டுக்கிட்டே இருந்தாலும் இந்தப் பரீட்சையில தேறிடுவாங்க. அதனாலயே அவங்க விஷயம் லேட்டா தெரியும்." ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் இரண்டு கட்டங்களைக் காட்டி, அதைப் பார்த்து வரையச் சொன்னாள். அக்கா வெகுநேரம் வரைந்தாள். கோடுகள் ஒன்றோடொன்று சேரவே இல்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டு, பென்சிலை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன்.

"முதல்லயே ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அழுவே. அம்மாவுக்கு ஆனப்போ உன்னைச் சமாதானப்படுத்தவே எனக்குப் பாதி நாள் போச்சு."

"அப்போ எனக்காக இல்லையா, டாக்டர்ட்ட போ போன்னு..."

"தனியா போக எனக்குப் பேடியா இருந்துதுடா. நீயும் பேடிச்சிண்டிருந்தே. சரி, ஒண்ணாப் போகலாம்னு பாத்தேன். நீதான் கிளம்பவே மாட்டேன்னுட்டே."

"உனக்கு ரெண்டு எக்ஸ் இருக்கே," என்றேன்.

"மதிடா, போதும்," என்றாள். "வழியைப் பாத்து ஆட்டோக்காரர்ட்ட சொல்லு."

சொன்னேன். இடது, பிறகு வலது, பிறகு நேரே.

ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத் தண்டு நீரையும் எடுத்துப் பார்த்தார்கள். அக்காவுக்கு அல்சைமர், ஆரம்ப நிலை. எனக்கு எதுவும் இல்லை. அக்கா இப்போது எங்கள் வீட்டில், எங்களோடு இருக்கிறாள்.