அம்மாவுக்குப் பக்கத்து இடம்

செய்யூர் தாண்டி எங்கள் காலனியை ஒட்டி ஒரு மேடு. அதில் உருண்டைக் கற்கள் வட்ட வட்டமாக நட்டிருக்கும். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின சமாதிகள் என்பார்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிற நாங்களும் அந்த வட்டங்களை ஒட்டியேதான் புதைத்து வந்தோம். புருஷன், பெண்டாட்டி என்றால் பக்கத்துப் பக்கத்துக் குழி. அம்மாவைப் புதைத்த அன்று அப்பா அவள் வலப்பக்கத்தைக் காட்டி, "இந்த எடம் எனக்கு" என்றார்.

அப்புறம் கல்லுடைக்க லாரிகள் வந்தன. அது புறம்போக்கு நிலம்; இடுகாடு என்று எந்தக் கணக்கிலும் இல்லை. எங்கள் பேச்சு எடுபடவில்லை. பழங்காலச் சின்னம் என்று அரசு அறிவித்துவிட்டால் ஒருத்தனும் கை வைக்க முடியாது என்று யாரோ சொல்ல, அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். வேலையை விட்டுவிட்டுச் செங்கல்பட்டுக்கும் சென்னைக்கும் அலைந்தார். வந்த தொல்லியல் அதிகாரிகளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து வட்டங்களைக் காட்டினார். எங்கள் புதைமேடுகளைப் பற்றி அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பாதுகாத்தால் எல்லாவற்றையும் சேர்த்துத்தானே பாதுகாப்பார்கள் என்று நினைத்தோம்.

அறிவிப்பு வந்தது, லாரிகள் நின்றன. பட்டாசு வெடித்தோம். வேலி போட்டு, உள்ளே தோண்டினால் சிறை என்று பலகை வைத்தார்கள். கல்லுடைக்கிறவனுக்குச் சொன்னது என்று அப்பா சிரித்தார்.

போன ஐப்பசியில் அப்பா இறந்தார். குழி வெட்டப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். நான் ஓடினேன். வேலிக்குக் காவல் இருந்தவர் எங்கள் தெருக்காரர், எனக்குச் சித்தப்பா முறை. அழுதுகொண்டே வழியை மறித்தார்.

"நா இன்னாடா பண்ணுவேன்? மம்மட்டி உள்ள போச்சின்னா என் மேல கேசு. உங்கப்பன் அலைஞ்சி வாங்கியாந்த சட்டம்டா இது."

தொல்லியல் அதிகாரியிடம் போனில் கெஞ்சினேன். மரியாதையாகத்தான் பேசினார். வட்டத்தைச் சுற்றி மண் கலைந்தாலே ஆதாரம் போய்விடுமாம். எப்போதோ செத்தவர்களுக்கு வேலி, காவல், சட்டம் எல்லாம் உண்டு; நேற்றுச் செத்தவருக்கு ஆறடி கிடையாது.

"எங்கம்மா அங்கதான் சார் கீறாங்க" என்றேன்.

"அதை எடுக்கச் சொல்லலியேப்பா" என்றார், பெருந்தன்மையாக.

தாலுகா ஆபீஸ்காரர்கள் வந்து ஏரிக்குக் கீழே பள்ளத்தில் எங்களுக்கு வேறு இடம் காட்டினார்கள். அடைமழை. குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. பக்கெட்டால் இறைத்துப் பார்த்தோம், தீரவில்லை. அப்படியே இறக்கினோம். பெட்டி மிதந்தது. நானும் தம்பியும் உள்ளே இறங்கி அப்பாவைக் காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டோம். மற்றவர்கள் மண்ணைத் தள்ளினார்கள்.