மொச்சைக் கறியும் ரெண்டு கை மண்ணும்

என் மொச்சைக் கறிக்குத் திருத்தங்கல்ல நல்ல பேரு. அந்தப் புகைவாசம் எப்படி வருதுன்னு கேட்டா இதுவரை சிரிச்சு மழுப்பிட்டேன். இன்னைக்குச் சொல்லிடுறேன்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, பட்டாசுக் கம்பெனியில மருந்து அடைக்கிற வேலையில இருந்தேன். தீபாவளி சீசன் முடிஞ்சதும் நாங்க எல்லாரும் கம்மாய்க்கரையில கெடா வெட்டிச் சாப்பிடுவோம். "சமையலுக்கு ஆள் எதுக்கு, நான் ஆக்குறேன்"னு அந்த வருஷம் வீறாப்பா சொல்லிட்டேன்.

மொச்சையும் ஆட்டுக்கறியும் அண்டாவுல பாதி வெந்திருந்துச்சு. மூடியைக் கொஞ்சம் விலக்கி வெச்சிருந்தேன். திடீர்னு கருவேல விறகு ஒண்ணு படார்னு வெடிச்சுப் பொறி பறந்துச்சு. பொறியைக் கண்டா மண்ணைப் போடுன்னு கம்பெனியில பழகின கை. ரெண்டு கையாலயும் மண்ணை அள்ளி அடுப்புல கொட்டிட்டேன். தீ அணைஞ்சு, அண்டாவையே புகை மூடிருச்சு.

பசியோட உட்கார்ந்திருக்கிற சனம் சிரிக்கப் போகுதுன்னு கூசிப்போய்த் திரும்பினேன். ஒருத்தரும் உட்கார்ந்திருக்கல. அம்புட்டுப் பேரும் அடுப்பைப் பார்த்து ஓடி வந்துக்கிட்டு இருந்தாங்க, கையில மண்ணோட.

"எங்களுக்கு முந்திட்டீகளே, மயினி!"ன்னா என்கூட மருந்து அடைக்கிற செல்வி. அப்பத்தான் எல்லாருக்கும் சிரிப்பு வந்துச்சு.

மண்ணை ஒதுக்கி மறுபடி தீ மூட்டினோம். புகை ஏறின அந்தக் கறியை ரெண்டாந்தடவை கேட்காத ஆளே இல்ல. இப்பவும் விறகை வேணும்னே புகைய விட்டுத்தான் ஆக்குறேன்.

ருசியை யாராவது புகழும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒண்ணுகூட வெறுங்கையா வரல.