கங்காணியிடம் நீட்டிய தாம்பூலத் தட்டு

பிள்ளைகளே, இது எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் நடந்தது. அப்போது நான் ஏலப்பாறைப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தேன்.

எங்களை வேலை வாங்கும் கங்காணியின் மகள் செல்விக்கும் எனக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு விருப்பம். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிச் சீர்செய்யும் கூலிவேலை பார்த்த என் அப்பா முறைப்படி பெண் கேட்கப் போனார். "கவ்வாத்து வெட்டுறவன் மகனுக்கு எம்பொண்ணு கேக்குதோ?" என்று கங்காணி வாசலிலேயே சிரித்து அனுப்பிவிட்டார். அன்று அப்பா சாப்பிடவே இல்லை.

அந்த ஆளைத் தலைகுனிய வைக்க மாரியம்மன் திருவிழாவுக்காகக் காத்திருந்தேன். சாமி முன்னால் நீட்டும் தாம்பூலத்தை எங்கள் லயக் குடியிருப்புகளில் யாரும் மறுக்க மாட்டார்கள். கங்காணிக்குப் பரிவட்டம் கட்டியதும் தட்டை நீட்டி, "உங்க மகளைக் கேக்குறேன்" என்றேன். எஸ்டேட்டே பார்த்தது. அவர் முகம் கறுத்தது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

அவர் தட்டைத் தொடுவதற்குள் செல்வி நடுவில் வந்து நின்றாள்.

"அப்பா, வாங்காதீங்க."

பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "என்னையக் கேக்க வந்தவரு என்னைய ஒருவாட்டிகூடப் பாக்கலையே. எங்கப்பா மூஞ்சியத்தான பாத்துக்கிட்டு நிக்கிறீக."

தட்டோடு திரும்பினேன். அடுத்த தையில் அவளைக் கம்பம் ஊரில் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

கங்காணி மேல் எனக்குக் கோபம் இன்றும் ஆறவில்லை. ஆனால் அன்று செல்வி என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தாள் என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்குத் தெரியவில்லை.