செம்பில் இருந்த மூன்றாம் சீட்டு

எங்கள் ஏரியில் எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை விடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கியே தீர்மானிக்கின்றோம். அம்முறைக்குப் பாடு என்று பெயர். மளிகைப் பொருள்கள் சுற்றி வந்த காகிதங்களைப் படித்தே எழுத்துக் கற்றவன் நான். ஆயினும் எங்கள் ஊரான தோணிரேவில் பாடுச் சீட்டுகளை எழுதும் பொறுப்பு நெடுங்காலமாக என்னுடையது. விழுந்த சீட்டை எவரும் மறுக்கலாகாது. அந்தக் கட்டுப்பாட்டை என் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தேன். அது என் பிழை.

சென்ற கோடையில் பேத்தி எட்டாம் வகுப்பை முடித்தாள். ஒன்பதாம் வகுப்புக்கு எங்கு அனுப்புவது என்று என் இளைய மகனுக்கும் மருமகளுக்கும் நாள்தோறும் வழக்கு.

"கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சாதான் டாக்டர் படிப்புக்குத் தனியா எடம் குடுக்கறாங்கோ" என்பான் மகன்.

"மொதல்ல அது இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேசட்டும். ஊசி அப்பால போடலாம். பிரைவேட்தான்."

"நீ இன்னா லண்டன்லயா பொறந்த?"

"லண்டன்ல பொறந்திருந்தா உன்னையா கட்டியிருப்பேன்?"

இரு பள்ளிகளிலும் சேர்க்கை முடிய ஒரு நாளே எஞ்சியது. அன்று நண்பகலில், "சீட்டுப் போட்டுவிடலாம்" என்றேன். சலித்துப்போயிருந்த இருவரும் சம்மதித்தனர். பாடு குலுக்கும் பித்தளைச் செம்பைத் துண்டால் துடைத்து, அரசு என்றொன்றும் தனியார் என்றொன்றும் எழுதி உள்ளே இட்டேன். வெளியே காற்றில்லை, ஏரி அசைவற்றுக் கிடந்தது. பேத்தி கையை விட்டாள்.

"தாத்தா, உள்ள ஈரமா இருக்குது."

அவள் எடுத்துத் தந்த சீட்டு கசங்கி நனைந்திருந்தது. அதில் படகு என்று எழுதியிருந்தது.

"இன்னா நைனா, பொண்ணை என்ஜின் ஓட்ட அனுப்பணுமா?" என்று மகன் சிரித்தான். மருமகள் சிரிக்காமல் செம்பைக் கவிழ்த்தாள். நான் இட்ட இரண்டு சீட்டுகளும் உலர்ந்தபடியே தரையில் விழுந்தன.

"மாமா, இது உங்க கையெழுத்துதானே?"

ஆம் என்றேன். என் மூத்த மகனும் எட்டாம் வகுப்பு முடித்த கோடையில், பள்ளியா படகா என்று இதே செம்பில் சீட்டுப் போட்டிருந்தேன். மேலே படிக்க வேண்டும் என்று ஒருமுறை சொன்னான். படகு விழுந்தது. அச்சீட்டை அவனே கசக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நான்காம் நாள் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. அவனும் கிடைக்கவில்லை, அந்தச் சட்டையும் கிடைக்கவில்லை. அன்று சீட்டுப் போட்ட செய்தியை எவரிடமும் சொல்லாதிருந்த நான், இப்போதுதான் அவர்களிடம் சொன்னேன்.

மருமகள் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "விழுந்த சீட்டை மறுக்கக் கூடாதுனு நீங்கதானே மாமா சொல்வீங்க?"

அவள் குரலில் கேலி இல்லை. என் பதிலுக்காக அவள் மெய்யாகவே அஞ்சி நின்றாள்.

"மறுக்கிறேன்" என்றேன். வாழ்நாளில் முதன்முறையாக அச்சொல்லைச் சொன்னேன். பின்பு பேத்தியிடம், "உனக்கு எங்கே படிக்க விருப்பம்?" என்று கேட்டேன். அதுவரை எங்களில் எவரும் அவளைக் கேட்டிருக்கவில்லை.

அவள் கதவு வழியே ஏரியைப் பார்த்தாள்.

"வேன்ல போற ஸ்கூலு. அங்கேர்ந்து பாத்தா தண்ணி தெரியாது."

மகன் மறுப்புச் சொல்லவில்லை. மறுநாளே தனியார் பள்ளியில் சேர்த்தோம்.

அச்சீட்டைக் கூரையில் ஒரு கல்லின் கீழ் வெயிலில் வைத்தேன். மூன்று நாளாகியும் அது உலரவில்லை. நான்காம் நாள் கல் மட்டுமே இருந்தது.

இப்போதும் பாடுச் சீட்டுகளை நானே எழுதுகின்றேன். குலுக்குமுன் எண்ணுகின்றேன், குலுக்கியபின் மீண்டும் எண்ணுகின்றேன். செம்புக்குள் கை விடுவதற்கு மட்டும் வேறொருவரை அழைத்துக்கொள்கின்றேன்.